ஆறு வயதுக்கு முன்னால் ஒரு சட்டம் வேண்டும்

நம் நாட்டில் ஒரு குழந்தைக்குப் படிக்கும் உரிமை ஆறாவது பிறந்தநாளில்தான் தொடங்குகிறது. 2009-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று வரம்பு கட்டிவிட்டது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கென்று அதில் பிரிவு 11 இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடக்கப் பள்ளிக்குத் தயார்ப்படுத்த அரசு தேவையான ஏற்பாடுகளைச் செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. செய்யலாம், அவ்வளவுதான். செய்தே ஆகவேண்டும் என்று இல்லை. அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவும், 2002-ல் 86-வது திருத்தத்தில் மாற்றப்பட்ட பிறகு, ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கவனிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. முயற்சி எடுக்கவில்லை என்று யாரும் அரசை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாத பகுதியில் அது இருக்கிறது.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தால் என்ன, நடைமுறையில் பால்வாடி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982-ல் வந்த சத்துணவுத் திட்டமும் சேர்ந்து கட்டிய வலை அது. பல மாநிலங்கள் நம்மைப் பார்த்து ஏங்கும் அளவுக்கு நல்ல வலை. ஆனால் சோறும் சத்துமாவும் முட்டையும் போய்ச் சேர்ந்த அளவுக்கு அந்த வலையின் வழியாக எழுத்து போய்ச் சேரவில்லை. இதைத்தான் நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஒன்றியத்துக் கடற்கரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்துதான் எனக்கு இந்த விஷயமே புரிய ஆரம்பித்தது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம் அது, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் ஊருக்குள்ளேயே சொல்லிக்கொடுப்பதற்காக. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. வலைக் கூடத்துத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தோம். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் ஓர் எழுத்தைத் தனியாகத் தொட்டுக் காட்டினால் முதலிலிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் படத்தைப் பார்த்து ஒரு கதை சொல்வார்கள், கதை அருமையாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்தில் இருப்பது அது இல்லை. கொரோனா ஒரு காரணம்தான். அதற்கு முன்பே பள்ளியை விட்டுப்போன அண்ணன் அக்காக்களிடமும் இதே சிக்கல் இருந்ததை அந்த வீடுகளிலேயே பார்த்தேன்.

தமிழ் வாசிக்கக் கற்பது எவ்வளவு பெரிய வேலை என்று வாசிக்கத் தெரிந்த நமக்கு மறந்துவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247 என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். "கெ" என்ற எழுத்தில் முதலில் காதில் விழுவது க். ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. "கொ" என்றால் ஒரு குறி முன்னால், ஒரு குறி பின்னால். உகரத்துக்கு எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரே குறி இல்லை. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. அப்புறம் ஒலி. "படகு" என்று எழுதியதில் உள்ள ட-வும் கு-வும் "பட்டு", "குடம்" என்று எழுதும்போது வேறு மாதிரி ஒலிக்கின்றன. தங்கச்சிமடத்துப் பிள்ளை தன் ஊர்ப் பெயரையே எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டுமானால், ங்-கை அடுத்து வரும் க எப்படி மாறும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் யாரும் இதை விதியாகச் சொல்லித்தருவதில்லை. நிறைய வாசிக்கக் கேட்ட குழந்தைக்கு அது தானாகப் படிகிறது, கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு சுவர்.

கன்னடம் கற்கும் குழந்தைகளை வைத்து வாசிப்பு ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நம் தென்னிந்திய எழுத்துமுறைகளில் குறிகளும் கூட்டெழுத்துகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் போவதால், எழுத்தை முழுசாகக் கைவசப்படுத்தவே தொடக்கப் பள்ளியின் பல வருடங்கள் ஆகின்றன. இவ்வளவு நீளமான பாதை என்றால் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதுதானே நியாயம்? சீக்கிரம் என்றால் மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து நாலுவரி நோட்டில் எழுதவைப்பது இல்லை. அதைச் செய்கிற எல்.கே.ஜி.க்கள் நம் ஊர்களில் ஏராளம், அந்தப் பிஞ்சு விரல்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். மூன்றிலிருந்து ஆறு வரை வேண்டியது வேறு. பாட்டு, கதை, விடுகதை, "மீன் என்ன எழுத்தில் தொடங்குது, முட்டை என்ன எழுத்தில் தொடங்குது" என்று ஒலியைப் பிரித்துப் பார்க்கும் விளையாட்டு, படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு யாராவது வாசித்துக் காட்டுவது.

சொல்வளத்தில் நம் கடற்கரைப் பிள்ளைகள் ஏழைகளே இல்லை. நாலு வயதுப் பிள்ளை சூடை, காரல், நகரை, சீலா, பாறை, ஊழி, கணவாய் என்று மீனைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லும். கச்சான் காற்று எப்போது அடிக்கும், வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்திருக்கும். இந்தச் சொற்களில் ஒன்றுகூட முதல் புத்தகத்தில் அதன் கண்ணில் படாது. வீட்டில் "அப்பா வந்துட்டாக" என்று பேசுகிற குழந்தை, புத்தகத்தில் "அப்பா வந்துவிட்டார்" என்று பார்க்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று பொறுமையாகச் சேர்த்துக்காட்ட ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவர் பல வீடுகளில் இல்லை என்பதல்ல, அந்த நேரத்தில் வீட்டில் இல்லை.

பாம்பன் சின்னப்பாலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் விடியுமுன்பே வத்தையில் (சின்னப் படகில்) ஏறிவிட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே கெடுபிடி வேறு, பயந்து பயந்து போய் வருகிறார்கள். இன்னொரு பக்கம் கருவாட்டுக் களம், நண்டுக் கம்பெனி, வாலிநோக்கம் பக்கம் உப்பளம். சாயல்குடிப் பக்கத்தில் பனை சீசன் வந்தால் குடும்பமே விளையோடு (பனந்தோப்போடு) போய்த் தங்கிவிடும். ஆண்கள் கடலில். ஆக, மூன்று வயதுப் பிள்ளையை வைத்திருப்பது பாட்டியோ எட்டு வயது அக்காவோ, அதற்கு அடுத்தபடி பால்வாடிதான். அந்தப் பால்வாடியும் அம்மா கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் திறக்கிறது.

பால்வாடி டீச்சர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு டீச்சர் எடை பார்க்கிறார், உயரம் பார்க்கிறார், 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் அத்தனையும் ஏற்றுகிறார், கர்ப்பிணிகளின் கணக்கு வைக்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், தடுப்பூசி நாளில் வீடு வீடாக அழைக்கிறார், பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில் இரண்டு வயதும் ஐந்து வயதும் கலந்து உட்கார்ந்திருக்கும் ஒரே அறையில் கதை சொல்ல வேண்டும். மதிப்பூதியத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இதற்கு மேல் எதைக் கேட்பது? 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது, அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி நடக்கிறது என்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவையும் சேர்த்தே எடுத்துப் பேசியது. நீதிமன்றம் கல்வி என்று பார்த்த வேலையை, அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் அரசுகள் இன்னும் தொண்டு என்றே நினைக்கின்றன.

இதெல்லாம் டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. 2015 ஆகஸ்டில் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 259-வது அறிக்கையை முழுக்க முழுக்க ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகவே எழுதியது. பிரிவு 11-ஐக் கட்டாயமாக்குங்கள், சிறு குழந்தைகளின் கவனிப்பை அடிப்படை உரிமையாக்க சாசனத்தில் 24அ என்று புதிய பிரிவைச் சேருங்கள், இதற்கென்று சட்டபூர்வமான ஓர் அமைப்பை உருவாக்குங்கள், மகப்பேறு விடுப்பை 180 நாட்களாக்குங்கள் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்ந்தது (அதுவும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களுக்குத்தான், பாசி எடுக்கும் பெண்ணுக்கு விடுப்பு யார் தருவது?). மற்றவை அறிக்கையோடு நின்றுவிட்டன. நூறு வருடத்துக்கு முன்னால், ஆங்கிலேயர் காலத்துச் சட்டசபையில், விடுதலை இயக்கத் தலைவர் கோகலே கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதாவுக்கும் இதுதான் நடந்தது. 1911-ல் அறிமுகம் செய்தார், 1912-ல் 38-க்கு 13 என்று தோற்கடித்தார்கள். கட்டாயத் தொடக்கக் கல்வி சட்டமாக அதற்கப்புறம் நாம் எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று நினைத்துப் பார்த்தால், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா என்று அடிவயிற்றில் ஒரு பயம் வருகிறது.

அமெரிக்காவில் இந்த விஷயத்தைச் சட்டமன்றங்கள் எடுத்துக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1997-ல் அங்கே நாடாளுமன்றமே, குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதில் எந்த முறை வேலை செய்கிறது என்று ஆராய ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. 14 பேர் குழு. 2000-ல் அறிக்கை வந்தது. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவது, எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சேர்த்துக் கற்பது, தடங்கலின்றி வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிதல் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் வாசிப்பு என்றார்கள். அதன்மேல் ஒரு பெரிய திட்டமும் நிதியும் வந்தன. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். திட்டம் பலன் தருகிறதா என்று ஆராய்வதையும் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது, 2008-ல் அந்த ஆய்வு வந்து, எழுத்துக் கூட்டுவதில் முன்னேற்றம் தெரிகிறது, பொருள் புரிந்து வாசிப்பதில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டது. தான் செலவு செய்த திட்டம் முழுசாகப் பலிக்கவில்லை என்று ஊரறியச் சொல்லும் ஓர் அரசு ஆவணம். நமக்கு அப்படி ஒன்று வேண்டும்.

மிசிசிப்பி என்ற ஏழை மாநிலம் இன்னும் பக்கத்தில் வருகிறது. 2013-ல் அங்கே இரண்டு சட்டங்கள். ஒன்று நாலு வயதுக் குழந்தைகளின் முன்பருவப் பள்ளிகளுக்கு, இன்னொன்று மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பைச் சரிசெய்வதற்கு. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை வருடத்துக்குப் பலமுறை சோதித்தார்கள், ஆசிரியர்களுக்கு எழுத்தும் ஒலியும் குறித்து நீண்ட பயிற்சி கொடுத்தார்கள், பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பி வகுப்பறையிலேயே ஆசிரியரோடு உட்காரவைத்தார்கள். நாலாம் வகுப்பு வாசிப்பில் 2013-ல் நாட்டில் 49-வது இடத்தில் இருந்த மாநிலம் 2024-ல் 9-வது இடத்துக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு அம்சமும் உண்டு. மூன்றாம் வகுப்புத் தேர்வில் வாசிக்கத் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பார்கள். அதை நம் கடற்கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஃபெயில் ஆன பிள்ளை இங்கே பள்ளிக்குத் திரும்பி வருவது நிச்சயமில்லை. தம்பியோடு ஒரே வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு வீட்டில் நின்றுவிடும், பெண் பிள்ளை என்றால் கைக்குழந்தையைப் பார்க்க ஆளாச்சு, பையன் என்றால் கொஞ்ச நாளில் அப்பாவோடு கரைவலைக்கு. 2019-ல் மத்திய அரசு ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி செய்து சட்டத்தைத் திருத்தியபோது தமிழ்நாடு எட்டு வரை தேர்ச்சி என்பதைக் கைவிடவில்லை. அது சரியான முடிவு. வாசிக்க வராத குழந்தையைத் தண்டிக்காமல், அந்தக் குழந்தைக்குக் கூடுதல் ஆசிரியரும் நேரமும் தரச் சட்டம் பள்ளியைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதேபோல அளவுகோலையும் வெளியிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் வாசிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. தமிழில் "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்பது ஒரு சொல். இந்தியில் அதையே மூன்று நான்கு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எண்ணினால் தமிழ்க் குழந்தை எப்போதும் மெதுவாகத்தான் தெரியும். 2022 மார்ச்சில் சுமார் 10,000 பள்ளிகளில் 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து 20 மொழிகளில் நடத்திய ஆய்வு இதை உணர்ந்து ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவுகோல் வைத்தது. நல்ல தொடக்கம். தமிழுக்கான அளவுகோலைத் தமிழ்நாடே, தமிழ் ஆசிரியர்களையும் மொழியியலாளர்களையும் வைத்து ஆராய்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவதால் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையும் ஆசிரியரின் கண்ணில் படுகிறது. அதே ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கு வருகிறார்கள், அம்மா பாசிக்குப் போன நாளிலும் வயிறு நிறைந்திருக்கிறது. இவற்றின் அருமை வீட்டில் அடுப்பு எரியாத காலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இவை எல்லாம் திட்டங்கள். திட்டம் ஓர் அரசாணையில் வரும், இன்னொன்றில் போகும். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். 2022 ஜூனில் அதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது, பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்ததும் சில நாட்களிலேயே தொடரும் என்று மறு அறிவிப்பு. தொடர்ந்தது நல்ல செய்திதான். ஆனாலும் அந்தச் சில நாட்களில் ஒரு தாய் எதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க முடியும்? சட்டசபையில் பேசி, வாக்கெடுத்து, அரசிதழில் வந்த சட்டம் ஒன்று கையில் இருந்தால் அவளுடைய நிலைமை வேறு. அதை மாற்ற வேண்டுமானால் மறுபடி சட்டசபைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும்.

மாநிலத்துக்கு இதற்கு அதிகாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனாலும் மாநிலம் சட்டம் இயற்றலாம், மத்திய சட்டத்தோடு உரசினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். 2006-ல் தமிழ் கற்கும் சட்டம் இயற்றி முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கினோம். 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் கொண்டுவந்தோம். தமிழைக் கட்டாயமாக்கிய சட்டசபைதான், தமிழை வாசிக்கத் தெரியாமல் பிள்ளைகள் நாலாம் வகுப்பு போவதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் நான் எதிர்பார்ப்பது அதிகம் இல்லை. மூன்று வயதிலிருந்து முன்பருவக் கல்வி உரிமையாக வேண்டும், கேட்டால் கிடைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் சோறு, எடை, பதிவேடு வேலைக்கு ஒருவர், கதைக்கும் பாட்டுக்கும் எழுத்துக்கும் பயிற்சி பெற்ற இன்னொருவர், இருவருக்கும் ஆசிரியருக்குரிய சம்பளம். மையம் திறக்கும் நேரத்தை அந்தந்த ஊரின் வேலை நேரத்தைப் பார்த்து ஊரே முடிவு செய்ய உரிமை. கடற்கரைக்கும் கரிசல்காட்டுக்கும் ஒரே மணி அடிப்பதால் யாருக்கும் பயன் இல்லை. பனை சீசனுக்கும் சூளைக்கும் போகிற குடும்பத்தின் பிள்ளை, போன இடத்து மையத்தில் ஆவணம் எதுவும் காட்டாமல் உட்காரலாம் என்ற ஏற்பாடு. அப்புறம், இரண்டாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், பிள்ளையின் பெயரோ பள்ளியின் தரவரிசையோ இல்லாமல் ஒன்றியவாரியாக முடிவுகளை வருடந்தோறும் சட்டசபையில் வைக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் 11 ஒன்றியங்களில் கடலாடியும் திருப்புல்லாணியும் மண்டபமும் எங்கே நிற்கின்றன என்று நம் உறுப்பினர்கள் எழுந்து கேள்வி கேட்க அப்போதுதான் கையில் ஏதாவது இருக்கும்.

பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவால் மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கன்வாடிக்கும் அதேபோல் சட்டத்தின் பலம் உள்ள ஒரு குழு வேண்டும். பாசிக்குப் போகும் ஒரு அக்கா என்னிடம், "எங்க புள்ளைக்கு ரெண்டு கதை சொல்ல ஆளு போடச் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அந்தக் குழுவில் உட்கார வேண்டியவர் அவர்.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் எங்கள் ஊரில் வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை உரிமையாக்கித் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதும், எங்கள் மையம் பாசி நாட்களில் விடிகாலையிலேயே திறக்க வேண்டும் என்பதும் அதில் உள்ள இரண்டு கோரிக்கைகள். நிறைவேறினால் ஒரு நகல் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும், ஒவ்வொரு நகல் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் தொகுதி உறுப்பினர்களுக்கும் போகும். உங்கள் ஊர்க் கிராம சபையில் இதை வைக்க விரும்பினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது கோரிக்கையில் உங்கள் ஊருக்கு ஏற்ற நேரத்தைப் போட்டுக்கொண்டால் போதும்.